பிளாட்ஹெட்டா, ஸ்மால் பிளாக்கா: உப்புவெளி ஓட்டத்துக்கு எந்த எஞ்சின்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள போனவில் உப்புவெளியில் ஓட்டுவதற்கென வீட்டிலேயே ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) கட்டுவோர் பலர், 1932இல் அறிமுகமான ஃபோர்டு பிளாட்ஹெட் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின்), 1955இல் வந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8 ஆகியவற்றுள் எதைப் பொருத்துவது என்று தயங்குகிறார்கள்.

செலவு: பிளாட்ஹெட்டில் விரிசல் விழாத பிளாக் (எஞ்சினின் வார்ப்பு உடல்) கிடைப்பதே அரிது, ஸ்மால் பிளாக்குக்கு உதிரிபாகங்கள் மலிவாகவே கிடைக்கின்றன.

தாங்குதிறன்: பிளாட்ஹெட்டில் எரிந்த வாயு பிளாக்கின் உள்ளே, குளிர்நீர் சூழ்ந்த பாதை வழியாகவே வெளியேறுவதால் நீர் எளிதில் கொதித்துவிடும், வால்வுகள் சிலிண்டர் ஹெட்டில் (பிளாக்கின் மேல்மூடியில்) அமைந்த ஸ்மால் பிளாக்கில் அத்தொல்லை குறைவு, காற்று உள்ளே வந்து போகும் மூச்சும் தாராளம்.

குறைந்த செலவில் கூடுதல் வேகம் வேண்டுவோருக்கு ஸ்மால் பிளாக்கே தகும். ஆயினும் போனவில்லில் பிளாட்ஹெட்டுக்கெனத் தனிப் போட்டிப் பிரிவு உண்டு; பொறுமையும் கைத்திறனும் உள்ளவர் அதில் துணிந்து இறங்கலாம். எதுவாயினும், ஓடி முடித்தவுடன் உப்பை நன்னீரால் முழுதாகக் கழுவிவிட வேண்டும்.