கேசிங் கசிவுக்கு சிமெண்ட், ரெசின், பேட்ச்: போட்டுப் பல வருடங்கள் ஆன பிறகு

எண்ணெய்க் கிணற்றின் சுவராக நிற்கும் இரும்புக் குழாயான கேசிங் கசிந்தால் எதைப் போட்டு அடைப்பது என்று கேட்டால், கிணறுகளைப் பழுதுபார்க்கும் வொர்க்கோவர் ரிக்கில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நான் ஏறக்குறைய எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். போட்ட கிணறுகளைப் பிறகு கண்காணிக்கும் பொறுப்பும் என்னிடமே இருந்தது. வேலை முடிந்த அன்று நடக்கும் பிரஷர் டெஸ்ட்டில் முக்கால்வாசி ரிப்பேர்கள் பாஸாகிவிடும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அனுலஸ் (குழாய்களுக்கு இடையிலுள்ள இடைவெளி) கேஜ் என்ன காட்டியது என்பதை வைத்தே இதை எழுதுகிறேன்.

அதிகம் போட்டது சிமெண்ட் ஸ்க்வீஸ். கிளாஸ் ஜி சிமெண்டை காலனுக்கு 15.8 பவுண்டு என்ற வழக்கமான அடர்த்தியில் கலக்கி, கசிவுக்கு மேலே ரிடெய்னர் என்ற அடைப்பானை வைத்து, அழுத்தி வெளியே தள்ளுகிற முறை. அரிப்பில் ஓட்டை விழுந்து தண்ணீர் தாராளமாகப் போகிற கேசிங்குக்கு இதுவே போதும், செலவும் குறைவு. ஆனால் இணைப்பு மரையில் வரும் மெல்லிய கசிவுக்கு இதைப் போடுவது வீண்வேலை. காரணம் எளிது: சிமெண்ட் கலவை என்பது தண்ணீரும் துகளும். இடுக்கில் தண்ணீர் மட்டும் நுழையும், துகள் வாசலிலேயே படிந்து அடை கட்டும். மேலே கேஜில் பிரஷர் ஏறுவதைப் பார்த்து ஸ்க்வீஸ் பிடித்துவிட்டது என்று எல்லோரும் கை குலுக்குவார்கள். மறுநாள் உள்ளே இருக்கும் சிமெண்டைத் துளைத்து எடுக்கும்போது வாசலில் இருந்த அடையும் பெயர்ந்து வந்துவிடும். மைக்ரோஃபைன் சிமெண்டில் துகள் மிகச் சிறியது, அதனால் கொஞ்சம் உள்ளே போகும். மரைக் கசிவுக்கு அதையும் நான் நம்புவதில்லை.

அதனால் எந்த முறை என்று முடிவு செய்வதற்கு முன் இன்ஜெக்‌ஷன் டெஸ்ட் (கசிவு வழியாகத் தண்ணீரைத் தள்ளிப் பார்ப்பது) செய்தே ஆக வேண்டும். கேசிங் தாங்கும் பிரஷரில் நிமிடத்துக்கு அரை பேரல் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை என்றால் சிமெண்ட் யூனிட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சிமெண்ட்தான் என்று முடிவானால் பம்ப் ஆபரேட்டருக்குப் பொறுமை வேண்டும். கால் பேரல் தள்ளிவிட்டு நிறுத்தினால் கேஜ் முள் சரியும். சற்றுக் காத்திருந்து இன்னொரு கால் பேரல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முள் சரியும் வேகம் குறைந்துகொண்டே வந்தால் வெளியே அடைபடுகிறது என்று அர்த்தம். அவசரக்காரர் ஒரே மூச்சில் தள்ளினால் பாறை பிளந்து சிமெண்ட் எங்கோ போய்ச் சேரும், ஓட்டை அப்படியே இருக்கும். அப்புறம் துளைக்கும்போது ஷேக்கரில் (திரவத்தைச் சலிக்கும் சல்லடை) வரும் சிமெண்ட் துண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்ப்பது என் பழக்கம். தடம் விழுந்தால் இன்னும் இறுகவில்லை. லேப் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் துளைப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

மரைக் கசிவில் எனக்கு நல்ல பலன் தந்தது எபாக்ஸி ரெசின். அதில் துகளே கிடையாது, தண்ணீர் போகிற இடுக்கில் அதுவும் போகும், அங்கேயே இறுகும். அப்படி அடைத்த கிணறுகளில் பெரும்பாலானவற்றில் அனுலஸ் பிரஷர் இன்றுவரை திரும்பவில்லை. பெரிய ஓட்டைக்கு இதை ஊற்றுவது மட்டும் காசைக் கரைப்பதுதான், நிற்காமல் ஓடிவிடும்.

ரெசினில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. இறுக வைக்கும் ஹார்ட்னரை எவ்வளவு சேர்ப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஒரு சர்வீஸ் கம்பெனி, கசிவு மேலே ஆழம் குறைந்த இடத்தில் இருக்க, கிணற்றின் அடிமட்ட வெப்பநிலையை வைத்துக் கணக்குப் போட்டு வந்தது. மேலே மேசையில் கோப்பையில் வைத்த சாம்பிள் வெயிலில் கல்லாக இறுகிவிட்டது. உள்ளே இருந்த ரெசின் தேன் பதத்திலேயே நின்றது. இறுகட்டும் என்று காத்திருந்ததில் ரிக் வாடகை ரெசின் விலையைத் தாண்டிவிட்டது. கசிவு இருக்கும் ஆழத்து வெப்பநிலையை அளந்து கொடுங்கள், அதுவும் குளிர்ந்த தண்ணீரைப் பம்ப் செய்வதற்கு முன்பே.

ரிக் வராமலே செய்யக்கூடிய பிரஷர் சீலன்ட்டும் உண்டு. காயத்தில் ரத்தம் உறைவது போல, கசிவின் வழியே பிரஷர் இறங்கும் இடத்தில் மட்டும் கெட்டிப்படும், மற்ற இடத்தில் திரவமாகவே இருக்கும். சின்னக் கசிவுக்குச் சரி. பிரஷர் திசை மாறி மாறி வரும் கிணறுகளில் அது மறுபடி கசிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீல் பேட்ச் பற்றி எனக்கு இரண்டு மனம். இந்த மெல்லிய இரும்புக் குழாய்த் துண்டைக் கேசிங்குக்குள் இறக்கி விரித்துவிட்டால் அன்றே வேலை முடிந்தது, சிமெண்ட் இறுகக் காத்திருக்க வேண்டாம், துளைக்கவும் வேண்டாம். தொல்லை பிறகு வருகிறது. அடிக்கு 26 பவுண்டு எடையுள்ள 7 அங்குல கேசிங்கின் உள்விட்டம் 6.276 அங்குலம். பேட்ச் போட்டால் அதில் கால் அங்குலத்துக்கு மேல் போய்விடும். அதற்குக் கீழே வழக்கமான பேக்கரை (இடைவெளியை அடைக்கும் கருவி) இறக்க முடியாது. வெளியிலிருந்து பிரஷர் வந்தால் நெளியும் ஆபத்தும் இருக்கிறது. பேட்ச்சின் இரு முனைகளும் நல்ல இரும்பில் உட்கார வேண்டும், அதற்கு உள்விட்டத்தைக் காட்டும் காலிப்பர் லாகும் சுவர்த் தடிமன் லாகும் (லாக் என்பது கருவியை இறக்கி ஆழவாரியாக எடுக்கும் அளவுப் பதிவு) எடுத்தாக வேண்டும். லாகைக் கசிவுக்குப் பக்கத்தில் மட்டும் எடுத்து மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. அரிப்பு அந்த ஒரு குழாயோடு நிற்பதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் பக்கத்துக் குழாயிலிருந்து அழைப்பு வரும்.

வெளிப்புற அரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் எரிவாயுச் சேமிப்புக் களத்து எஸ்எஸ்-25 கிணறு போதும். 1953-இல் தோண்டியது. 7 அங்குல கேசிங்கை வெளியே நிலத்தடி நீரும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து அரித்து, சுமார் 892 அடி ஆழத்தில் அது பிளந்தது. உள்ளே இருந்த சிறிய குழாயான டியூபிங், கேசிங் இரண்டின் வழியாகவும் எரிவாயு போய் வந்துகொண்டிருந்ததால் அந்தக் கேசிங் போனால் வேறு தடுப்பு இல்லை. 2015 அக்டோபரில் தொடங்கிய கசிவை மேலிருந்து கனமான திரவத்தைத் தள்ளி அடக்க (கில் செய்ய) பல தடவை முயன்றும் முடியவில்லை. பக்கத்தில் ரிலீஃப் கிணறு தோண்டி 2016 பிப்ரவரியில்தான் அடக்கினார்கள்.

அரிப்பு நீண்ட தூரத்துக்கு இருந்தால் நான் ஒட்டுவேலையே பார்ப்பதில்லை. 7 அங்குல கேசிங்குக்குள் லைனர் என்ற நாலரை அங்குலக் குழாயை இறக்கி சிமெண்ட் செய்துவிடச் சொல்வேன். விட்டம் போகும், செலவும் கூடுதல், ஆனால் நான் பார்த்தவற்றில் திரும்பத் தொந்தரவு தராதது இதுதான். கிணற்றில் இன்னும் உற்பத்தி மிச்சம் இருந்தால் மட்டும்.

ஒரு விஷயம், ரிக்கை அழைப்பதற்கு முன்னால். கிணற்றைத் திறந்து சூடான திரவம் மேலே வரத் தொடங்கியதும் அனுலஸில் பிரஷர் ஏறுவது சகஜம். அங்கே அடைபட்டிருக்கும் திரவம் வெப்பத்தில் விரிவதுதான் காரணம். அரை அங்குல நீடில் வால்வு வழியாக மெதுவாக இறக்கி, வால்வை மூடி, ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். திரும்ப ஏறவில்லை என்றால் கசிவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஏறினால், எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது, வால்வு வழியாக வந்தது எரிவாயுவா, எண்ணெயா, உப்பு நீரா என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். லாக் எடுக்க வருபவர் முதலில் கேட்பது அந்தக் குறிப்பைத்தான்.