பூட்டிய வீட்டுப் பூனை

இந்தப் பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து பதினெட்டு நாள் விடுப்பில் பட்டுக்கோட்டைக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை, திருச்சியில் இறங்கி, கார் பிடித்து வீடு வந்து சேரும்போது இன்னும் விடியவில்லை. மார்கழிப் பனி. பெட்டிகளை இறக்கும்போது எதிர்வீட்டுத் திண்ணையில் ஏதோ பழைய துணி கிடக்கிறது என்று நினைத்தேன். கார் விளக்கு பட்டதும் அதில் ஒரு கண் மின்னியது. ஒரு கண்தான். மற்றது பீளை கட்டி ஒட்டிப்போயிருந்தது.

பூனை. சாம்பல் உடம்பில் கறுப்பு வரி போட்ட, நம் ஊரில் தெருவுக்கு நாலு இருக்குமே, அந்த வகை. முதுகெலும்பைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம். வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. மனிதர்களைக் கண்டால் ஓட வேண்டும் என்கிற நினைப்பே அதற்கு வரவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னங்கால் மேல் வைத்துக்கொண்டது.

அந்த வீட்டுப் பாட்டி ஐப்பசியில் இறந்துவிட்டார் என்று அம்மா சொன்னார். மகன் துபாயில், மகள் கனடாவில். இருவரும் வந்து காரியம் முடித்து, வீட்டைப் பூட்டிச் சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாட்டி தினமும் ராத்திரி மீன் தலையும் சோறும் பிசைந்து வைப்பாராம். வீடு பூட்டிய பிறகும் பூனை அந்தத் திண்ணையை விட்டுப் போகவில்லை. வேறு எங்கே போகும்? எங்கள் தெருவில் மட்டும் இப்படி ஐந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. எல்லாம் என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள்தான். அவற்றில் எத்தனை வீட்டு வாசலில் எந்த ஜீவன் காத்துக் கிடந்ததோ தெரியாது, நான் அதுவரை யோசித்ததே இல்லை.

முதல் நாள் நான் செய்தது தப்பு. கிண்ணம் நிறையப் பால் வைத்தேன். முகர்ந்து பார்த்து, நாலு நக்கு நக்கிவிட்டு விலகியது. சாயங்காலம் திரும்ப வைத்தபோது பாதியைக் குடித்தது. ராத்திரி முழுக்கக் கழிந்திருக்கிறது. பெரிய பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் இருக்கிற சர்க்கரை செரிக்காது என்பதும், ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பில் கழிச்சல் வந்தால் அதுவே ஆளை எடுத்துவிடும் என்பதும் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. பூனைக்குப் பால் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, அது சரிதான் என்று மனதில் ஊறிப்போயிருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போனோடு உட்கார்ந்தேன். நகராட்சியில் ஒரு தெரிந்தவரிடம் கேட்டதற்கு, நாய் என்றால் பிடித்துக் கருத்தடை செய்ய ஏற்பாடு உண்டு, பூனைக்கு ஒன்றும் கிடையாது என்றார். சென்னையில் என்றால் கிண்டி வேளச்சேரிப் பக்கம் ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு இருக்கிறது, 1959-லிருந்து இயங்குகிறது. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பட்டுக்கோட்டையிலிருந்து இரண்டுமே ஒரு ராத்திரிப் பயணம். 1962-க்கு அடித்தால் நடமாடும் கால்நடை வண்டி வரும். மாடு கன்று போட முடியாமல் தவிக்கிற வீட்டுக்குப் போக வேண்டிய வண்டி அது, அதைப் பூனைக்காகக் கூப்பிட எனக்கு மனது வரவில்லை. கடைத்தெருவில் செல்லப்பிராணி தீனி விற்கும் ஒரு கடையில் விசாரித்தேன். உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி என்று சொன்னதும் ஒரு பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். நல்லவேளை, பூனையைத் தொட்டுத் தேய்க்கப் பயந்து அதைத் திறக்காமலே வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். அரசு கால்நடை மருத்துவமனைக்கு எங்கள் ஊரில் இன்றைக்கும் அதுதான் பெயர். பூனையை எதில் கொண்டுபோவது? சித்தி மகன் காய்கறி மண்டியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் ட்ரே வாங்கி வந்தான். ஒன்றில் பழைய துண்டை விரித்துப் பூனையை உட்கார வைத்து, மற்றதை மேலே கவிழ்த்து நைலான் கயிற்றால் கட்டினோம். தூக்கும்போது பயத்தில் என் மணிக்கட்டில் ஒரு கீறு கீறிவிட்டது. அதன் கதையை அப்புறம் சொல்கிறேன்.

அங்கே எங்களுக்கு முன்னால் ஏழெட்டு ஆடுகள், காலில் கட்டுப் போட்ட ஒரு கன்றுக்குட்டி. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் ட்ரேக்குள் குனிந்து பார்த்து, "பூனைக்கா வந்தீங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத் தன் ஆட்டை இழுத்து எங்களுக்கு நிழலில் இடம் விட்டார்.

டாக்டர் இளவயதுப் பெண். பூனையின் தோள்பட்டைக்கு மேலே தோலை இரண்டு விரலால் கூடாரம் மாதிரித் தூக்கி விட்டார். நல்ல உடம்பில் அது உடனே படிந்துவிட வேண்டும். இதில் அப்படியே நின்றது. நான் மனதுக்குள் மூன்று எண்ணிய பிறகுதான் மெல்ல இறங்கியது. உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெளிறி, கிட்டத்தட்ட அம்மி கழுவின தண்ணீர் நிறம். நாக்கின் ஓரத்தில் புண். "சாப்பாடு வச்சா மோந்து பாத்துட்டுப் போகுதுன்னு சொன்னீங்கல்ல, இதுதான் காரணம். பசி இருக்கு, வாய் வலிக்குது" என்றார். எடை ஒரு கிலோ அறுநூறு. பெண் பூனை, பல்லைப் பார்த்தால் நாலைந்து வயது இருக்கும், மூன்று கிலோவாவது இருந்திருக்க வேண்டும் என்றார்.

கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் சலைன் ஏற்றினார்கள். நரம்பு தேட வேண்டியதில்லை. ஊசியைத் தோலுக்கும் தசைக்கும் நடுவில் விட்டுத் திறந்துவிட்டால், அங்கே ஒட்டகத் திமில் மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது. வீடு வந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், திமில் பாதியாகக் கரைந்திருந்தது. அதைத் தொட்டபோதுதான் இது பிழைக்கும் என்கிற நம்பிக்கை எனக்கு முதல்முறையாக வந்தது.

பையிலிருந்த பவுடர் டப்பாவைக் காட்டினேன். அட்டையில் பெர்மெத்ரின் என்று இருந்ததைப் படித்ததும் டாக்டர் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டார். நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனைக்கு வலிப்பு வர வைத்துக் கொன்றுவிடுமாம். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்தீர்களா என்றும் கேட்டார். காய்ச்சல் என்று நினைத்து அரை மாத்திரை கொடுத்து, மறுநாள் தூக்கி வருகிறார்களாம். பூனைக்கு அரை மாத்திரையே உயிருக்கு ஆபத்து. நானும் கிட்டத்தட்ட அதைச் செய்திருப்பேன்.

மேல் பரிசோதனைக்கு ஒரத்தநாட்டுக்கு எழுதிக் கொடுத்தார். தஞ்சாவூர் போகிற வழியில் அங்கே 2012-லிருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எத்தனையோ தடவை அந்தச் சாலையில் போயிருக்கிறேன், அதற்குள் பூனைக்கும் வைத்தியம் உண்டு என்று தோன்றியதில்லை. செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் போனோம். சீட்டு வாங்கிக் காத்திருந்து, ரத்தம் எடுத்து, கண்ணைக் கழுவி மருந்து விட்டு, எல்லாம் முடிய மத்தியானம் ஆனது. மாணவர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒரு மாணவி, பெயர் என்ன என்று கேட்டார். சீட்டில் எழுத வேண்டுமாம். எனக்குத் தெரியவில்லை. கூட வந்திருந்த பூக்கார அக்காதான், "பாட்டி மீனான்னு கூப்பிடும்" என்றார். அந்தப் பெயரைச் சொன்னதும் பூனையின் காது அவர் பக்கம் திரும்பியது. இரண்டு மாதத்துக்கு மேலாக அந்தப் பெயரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அங்கே சொல்லிக் கொடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நாளில் வயிறு நிறையப் போடக் கூடாது. அப்படிப் போட்டால் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சட்டென்று இறங்கி இதயமே நின்றுவிடலாம். சாப்பிடாமலே விடவும் கூடாது. பூனை சில நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு போய் ஈரலில் படிந்துவிடும். அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு தேக்கரண்டி, மறுநாள் ஒன்றரை, அப்படி ஏற்ற வேண்டும். மீனை உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்துக் கூழாக அரைத்து, இளஞ்சூடாகக் கொடுக்க வேண்டும். சூட்டில்தான் வாசனை எழும், வாசனை வந்தால்தான் பூனை வாய் வைக்கும். பூச்சி மருந்து உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு. தயிர்சாதமும் ரொட்டியும் மட்டுமே போடக் கூடாது. டாரின் என்கிற சத்து பூனைக்கு மீனிலும் கறியிலும்தான் கிடைக்கும், அது இல்லாவிட்டால் நாளாவட்டத்தில் கண் போகும், இதயம் கெடும்.

மல்லிப்பட்டினத்து மீன்காரம்மா தினமும் காலையில் ஒரு கை காரப்பொடி மீனைத் தனியாக எடுத்து வைத்தார். காசு வாங்கவில்லை. "வந்த இடத்துல உனக்கு எதுக்குடி இந்த வேலை" என்று முதல் நாள் சத்தம் போட்ட அம்மா, மாட்டுப் பொங்கலன்று விடியற்காலை நான் அலாரம் வைத்து எழுந்தபோது, ஏற்கெனவே அடுப்படியில் மீனைச் சுட வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் கீறல். ரத்தம் கசியவில்லை, தோல் மட்டும் சிராய்த்திருந்தது. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் விடவில்லை. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லி, நேராக அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே வெறிநாய்க்கடி ஊசி இலவசம். தோலுக்குள் இரண்டு தோளிலும், முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். மூன்றாம் நாள் பொங்கலாக அமைந்துவிட்டது. அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் அக்கா ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் போட்டுவிட்டார். ஊருக்கு வருகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1953-லிருந்து வெறிநோயே இல்லை, அதனால் நமக்கு அந்தப் பயம் விட்டுப்போயிருக்கிறது. ஊரில் அது இன்னும் இருக்கிறது. கடைசி ஊசியை இங்கே திரும்பி வந்துதான் போட்டுக்கொண்டேன்.

பத்தாம் நாள் எடை இரண்டு கிலோவைத் தொட்டது. கண் திறந்துவிட்டது. எனக்கோ எட்டு நாள்தான் மீதி, ராத்திரியெல்லாம் அதே கவலை. அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயது, ஆஸ்துமா வேறு. கூடவே கொண்டுவந்துவிடலாமா என்றும் பார்த்தேன். 2024 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. ஆனால் இந்தியாவிலிருந்து கொண்டுவர வேண்டுமென்றால் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, உரிமம், வந்த பிறகு தனிமைப்படுத்தல் என்று மாதக்கணக்கில் ஆகும். துபாய்க்கும் கனடாவுக்கும் போன் செய்து பேசினேன். மகள் அழுதார். அம்மா வளர்த்த பூனையை மறந்தே போய்விட்டோம் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முனைக் கடை மளிகை அக்கா தானாக வந்து கேட்டார். அரிசிக் கிடங்கில் எலித் தொல்லை, பூனை இருந்தால் நல்லது, ஆனால் குட்டி போட்டுப் பெருகினால் தன்னால் முடியாது என்றார். கருத்தடைக்கு ஒரத்தநாட்டில் நாள் கேட்டு வாங்கி, மாசி மாதத்தில் எடை இரண்டரை தாண்டியதும் என்று பேசி வைத்தேன். சித்தி மகன் கூட்டிப்போவதாக ஒத்துக்கொண்டான். செலவு பாட்டியின் மகளுடையது, அவரே கேட்டு ஏற்றுக்கொண்டார். இரண்டு ட்ரேயையும் கயிற்றோடு கழுவி அக்கா கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கிளம்புகிற அன்று எதிர்வீட்டுத் திண்ணையில் மீனா இல்லை. கடையில் எட்டிப் பார்த்தேன். பொன்னி மூட்டைகளுக்கு நடுவில், பூக்கார அக்கா போட்டிருந்த பாட்டியின் பழைய புடவைத் துண்டின் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கூப்பிடவில்லை. கார் வந்துவிட்டது.