கொடுக்க ஆள் இருக்கு, வாங்கத்தான் ஆளில்லை

வேலூர் சத்துவாச்சாரி வீட்டைத் தன் காலத்துக்குப் பிறகு விற்று, வரும் பணத்தில் பாதியை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. உயிலில் அதை எழுத எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரிதான்: அந்த இல்லத்தின் பதிவான பெயர். இந்த முறை லண்டனிலிருந்து ஊருக்கு வந்த லீவில் பாதி அந்த ஒரு வரிக்கே போய்விட்டது. கோட்டைக்குள் காலாற நடக்கவில்லை. ஆற்காடு போய் மக்கன் பேடா வாங்கவில்லை. முள்ளு கத்திரிக்காய்க் குழம்பு மட்டும் எப்படியோ கிடைத்தது.

அத்தை ரிட்டயர்டு டீச்சர், பிள்ளைகள் இல்லை. மனை அவர் சம்பளத்தில் வாங்கியது, பத்திரமும் அவர் பெயரிலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்து இல்லை என்பதால் யாரைக் கேட்டும் எழுத வேண்டியதில்லை. மாமா திதிக்கு வருஷா வருஷம் அந்த இல்லத்தில்தான் சாப்பாடு போடுகிறார். "எனக்கப்புறம் அது நின்னு போயிடக் கூடாது கண்ணு" என்றார். உறவுக்காரர் ஒருவர் "வெள்ளிக்கிழமையும் அதுவுமா உயில் பேச்சை எடுக்கிறியே" என்று என்னைக் கடிந்துகொண்டார். அத்தை சட்டை செய்யவில்லை.

இல்லத்துக்குப் போன் போட்டேன்.

"உயில்ல உங்க இல்லத்துக்கு எழுதணும். ட்ரஸ்ட் பேரும் பதிவு நம்பரும் வேணுங்க."

"உயிலா? யாரும்மா தவறிட்டாங்க?"

"யாரும் தவறலைங்க. இப்பத்தான் எழுதப் போறோம்."

"அப்படின்னா மதியம் அன்னதானமா, காலை டிபனா? ஜிபே பண்ணிடுங்க, ரசீது வாட்ஸப்புல வந்துடும்."

எத்தனை விதமாகச் சொன்னாலும் பேச்சு டிபனுக்கே திரும்பியது. சரி, நேரிலேயே போவோம் என்று ஆட்டோ பிடித்தோம். வாசல் போர்டில் ஒரு பெயர், முடிவில் 'ஆசிரமம்'. அத்தை பத்திரமாக வைத்திருந்த பழைய ரசீதுகளில் அதே பெயர், ஆனால் முடிவில் 'முதியோர் இல்லம்'. பணம் போடச் சொன்ன வங்கிக் கணக்கிலோ எதோடும் சேராத ஒரு 'கல்வி மற்றும் சமூக சேவை அறக்கட்டளை'. எது சரி என்று ஆபீஸில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. செயலாளர் சனிக்கிழமைதான் வருவார். அந்தச் சனிக்கிழமை அவர் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அறக்கட்டளையைத் தொடங்கிய பத்திரமான ட்ரஸ்ட் டீட் ஆடிட்டரிடம், ஆடிட்டர் ராணிப்பேட்டையில்.

இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். சொந்தக்காரர் ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனால் இந்தப் பெயர்க் குழப்பம் ஒன்றே வழக்கை வருஷக்கணக்கில் இழுக்கப் போதும். அத்தை உயிரோடு இருக்கும்போது ஐந்து நிமிஷத்தில் தீர வேண்டிய விஷயம் அது.

லண்டனில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும், கடைசிக் காலத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் வாசலில் ஒரு தாள் அடுக்கி வைத்திருப்பார்கள். பதிவுப் பெயர், விலாசம், பதிவு எண், உயிலில் எழுத வேண்டிய வாசகம் எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். மார்ச்சிலும் அக்டோபரிலும் 55 வயது தாண்டியவர்களுக்கு வக்கீல்கள் இலவசமாகவே உயில் எழுதித் தருகிறார்கள். அங்கே 3,25,000 பவுண்டு வரம்புக்கு மேல் போகும் சொத்துக்குப் பொதுவாக 40 சதவீத வாரிசு வரி. அறப்பணிக்கு எழுதியதற்கு வரி இல்லை. பத்தில் ஒரு பங்காவது அப்படிப் போனால் மீதியின் வரியும் 36 சதவீதமாகக் குறையும். அங்கே கொடுப்பவர் மனதில் அந்தக் கணக்கும் ஓரமாக இருக்கும். நம் நாட்டில் அந்த வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். அத்தைக்கு இதில் காலணா லாபம் கிடையாது. மனசு ஒன்றுதான் காரணம். அப்படிக் கொடுப்பவரை வாசலில் நிற்க வைத்து டிபனா, மதியச் சாப்பாடா என்று கேட்கிறோம்.

நமக்கு இது தெரியாத வித்தையும் அல்ல. கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்கின் நெய்க்கு 96 ஆடு என்று விட்டு, 'சாவா மூவாப் பேராடு' என்று பெயரும் வைத்தவர்கள் நாம். கொடுத்தது யார், ஆட்டை ஏற்றவன் யார், தினம் எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பதையெல்லாம் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-ல் திறந்த ஆஸ்பத்திரிதான் பிறகு சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ஒருவர் நினைவாக வந்த கொடை எத்தனை தலைமுறைக்குச் சோறும் மருந்தும் போடும் என்பதற்கு இந்த ஊர்க்காரர்களுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

கடைசியில் வழி சொன்னவர் பதிவு ஆபீஸ் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வயதான பத்திர எழுத்தர். முத்திரைத் தாள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிக் காசு பார்ப்பார் என்று பயந்துகொண்டேதான் போனேன். "உயிலுக்கு முத்திரைத் தாள் எதுக்கும்மா, வெள்ளைப் பேப்பரே போதும்" என்றார். உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, பதிந்துவிட்டால் பின்னால் வம்பு குறையும் என்றார். சாட்சி இரண்டு பேர், அதில் இல்லத்து ஆள் யாரும் வேண்டாம் என்றார். பெயர் விஷயத்தைச் சொன்னதும் ஒரு நொடி யோசித்தார்.

"இன்னாம்மா நீங்க, போர்டைப் பாத்துக்கினு நிக்கறீங்க? நன்கொடைக்கு வரிச் சலுகை தர்ற 80ஜி சர்டிபிகேட்ட கேளுங்க, பான் கார்டக் கேளுங்க. அதுல இன்னா பேரு கீதோ அதான் பேரு."

மறுபடியும் ஆட்டோ. அந்தச் சர்டிபிகேட் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில், முருகர் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆயுதபூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பான் எண்ணின் நடுவில் இரண்டு எழுத்து அந்தப் பொட்டுக்கு அடியில் இருந்தது. சமையல்கார அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். அறக்கட்டளைப் பெயர்தான் சரியான பெயர். ஆபீஸ் பெண்ணும் அப்போதுதான் அதை முழுதாகப் படித்தார்.

பதிவு ஒரே காலையில் முடிந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உயிலில் அத்தை இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னார். அந்த அமைப்பு அப்போது இயங்காவிட்டால் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேறொரு அமைப்புக்குப் போக வேண்டும். அதை முடிவு செய்வது உயிலை நிறைவேற்றப் போகும் அவரது பழைய மாணவி.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு நர்ஸம்மாவுக்கும் இதே ஆசை. ஆனால் கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு அப்படி எழுதினால் செல்லாது என்று யாரோ சொல்லி வைத்து, பாவம், பல வருஷமாகச் சும்மா இருந்துவிட்டார். 1925 வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவில் அப்படி ஒரு தடை இருந்தது உண்மை. அண்ணன் தம்பி பிள்ளை அளவுக்கு நெருங்கிய உறவு இருந்தால், சாவதற்கு 12 மாதம் முன்பே எழுதி, எழுதிய 6 மாதத்துக்குள் உயிலைப் பாதுகாக்கச் சட்டம் சொன்ன இடத்தில் ஒப்படைத்தும் இருந்தால்தான் தர்மத்துக்கு எழுதியது செல்லும். 2003-ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டது. இதைச் சொன்னதும் அவர் அத்தையிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த எழுத்தர் எத்தனை மணிக்கு வருவாரு?"

கிளம்புவதற்கு முன், பதிவுப் பெயர், பதிவு எண், பான், விலாசம், உயிலில் எழுத வேண்டிய இரண்டு வரி வாசகம் எல்லாவற்றையும் தமிழில் ஒரே பக்கத்தில் டைப் செய்து இல்லத்துச் செயலாளருக்கு அனுப்பினேன். அச்சடிக்கிற செலவும் என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில்தான் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிடப் போகிறேன், சனிக்கிழமையாகப் பார்த்து.