நீருக்கடியில் ஃபிலிம்: ஆறு வருட நிறத் திருத்த அனுபவம்

ஆறு வருடமாக, தண்ணீருக்குள் எடுக்கவென்றே செய்த நிக்கோனாஸ் 5 கேமராவில், 35 மி.மீ. லென்ஸ் போட்டு, நீருக்கடியில் ஃபிலிமில் படம் எடுத்து வருகிறேன். நாற்பது ரோலுக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும். கேமராவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1984-ல் வந்தது, தண்ணீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைத் துடைத்துக் கிரீஸ் தடவி வைத்தால் இன்றும் உழைக்கிறது. என்னைப் பாடாய்ப் படுத்தியது படம் எடுத்த பிறகு வரும் வேலைதான்: நிறத்தைத் திருத்துவது.

முதல் ரோலைக் கழுவிய லேபிலேயே ஸ்கேனும் செய்து வாங்கினேன். கடல் ஊதாவாக இருந்தது. மீன் சாம்பல் நிறம், கூட வந்தவரின் முகம் சவம் மாதிரி. ஃபிலிம்தான் கெட்டுப்போனது என்று நினைத்து அந்த ரோலை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அதே நெகட்டிவை வீட்டில் நானே ஸ்கேன் செய்தபோதுதான் தெரிந்தது, படத்தில் குறை அதிகமில்லை. லேபின் ஸ்கேனர் தானாகச் செய்த ஆட்டோ திருத்தம்தான் அதைக் கெடுத்திருந்தது.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும், அப்புறம் ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஒருமுறை பதினைந்து மீட்டரில் பவளப்பாறை விரலைக் கீறிவிட்டது. கசிந்த ரத்தம் கரும்பச்சையாகத் தெரிந்தது! கண்ணுக்கே அப்படி என்றால் ஃபிலிமைச் சொல்ல வேண்டுமா. இதில் ஆழம் மட்டும் கணக்கில்லை. மேலிருந்து இறங்கிய ஒளி, மீனில் பட்டுக் கேமராவரைக்கும் வர வேண்டிய தூரமும் சேர்கிறது. ஆகவே ஒரே படத்தில் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பாறைக்கும் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் பாறைக்கும் திருத்தம் வேறு வேறு.

ஸ்கேன் செய்வதில் நான் பட்ட பாடு தனிக்கதை. நிறங்கள் நேராகவே பதியும் ஸ்லைடு ஃபிலிமில் சிவப்பு ஒளி போதாவிட்டால், சிவப்பைத் தடுக்கும் சயான் (நீலப்பச்சை) சாயம் கெட்டியாக நின்றுவிடும், ஸ்கேனின் சிவப்பு சேனல், அதாவது படத்தின் சிவப்புப் பங்கு, இருட்டாக வரும். நெகட்டிவில் இது அப்படியே தலைகீழ். சயான் சாயம் மெலிந்துபோகும், திருப்பிப் போடாத ஸ்கேனில் சிவப்பு சேனல் வெளிச்சமாக, ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஏற்கெனவே நெகட்டிவ் ஃபிலிமில் இயல்பாகவே இருக்கும் ஆரஞ்சுச் சாயல் (ஆரஞ்சு முகமூடி என்பார்கள்) சிவப்பைத் தாராளமாக விடுகிறது. இந்த நிலையில் ஸ்கேனரை ஆட்டோவில் விட்டால், மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச சிவப்பும் உச்சியில் வெட்டுப்பட்டுப் போகும். அப்புறம் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. நான் இதை ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது ரோலின் தொடக்கத்தில் படம் விழாத வெற்று ஃபிலிமை வைத்து, சிவப்பு வெட்டுப்படாத அளவுக்கு எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுகிறேன். வியூஸ்கேன் என்ற ஸ்கேன் மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் நிற விவரம் அதிகம் தாங்கும் 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமிக்கிறேன்.

திருத்தும்போது எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன்: மென்பொருளின் கர்வ்ஸ் என்ற வளைகோட்டில் சிவப்பை மேலே இழுப்பது. பன்னிரண்டு மீட்டரில் எடுத்த ஓர் ஆமைப் படத்தில் அப்படி இழுத்தேன். ஆமையின் ஓடு முழுக்க மணல் தூவியதுபோல் கிரெய்ன் (ஃபிலிமின் பொடிப்பொடித் துகள் தோற்றம்) எழுந்தது. பின்னாலிருந்த நீலத் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாயிற்று. சரி, வேறு வழி பார்ப்போம் என்று, ஒரு சேனலில் இன்னொன்றைக் கலக்கும் சேனல் மிக்சருக்குப் போனேன். சிவப்பு சேனலில் பச்சையிலிருந்து முப்பது சதவீதம் கலந்ததும் ஓட்டின் கட்டங்கள் தெளிந்தன, கிரெய்னும் அடங்கியது. ஆனால் இது கடன் வாங்கிய சிவப்பு. உருவம் தெளியும், நிறம் வராது. செந்நிறக் கடற்பஞ்சும் பழுப்புப் பாறையும் இந்த முறையில் ஒன்றுபோலவே ஆகிவிடும்.

2019-ல் தெர்யா அக்காய்னாக், தாலி ட்ரைபிட்ஸ் இருவரும் வெளியிட்ட ‘சீ-த்ரூ’ என்ற நீருக்கடி நிறத் திருத்த முறை, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. என்னுடைய ஒற்றை நெகட்டிவில் அந்த வரைபடம் ஏது? ஆனாலும் அந்த யோசனையைக் கடன் வாங்கி, திருத்தம் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று குறிக்கும் மாஸ்க்கைக் கையாலேயே தீட்டுகிறேன்: கிட்டத்தில் இருப்பதற்கு முழுத் திருத்தம், நடுத்தூரத்துக்குப் பாதி, பின்னணித் தண்ணீருக்கு ஒன்றுமே கிடையாது. ஒரு படத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. என் படங்களில் ஊதாக் கடல் ஒழிந்தது அதற்குப் பிறகுதான்.

சிவப்பு ஃபில்டரையும் ஒரு காலம் மாட்டிப் பார்த்தேன். அது சிவப்பைக் கூட்டாது, நீலத்தையும் பச்சையையும் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவே. ஒளியும் குறைகிறது. எட்டு மீட்டருக்குள் நல்ல வெயிலில் உதவியது; அதற்குக் கீழே சுமைதான். ஃபிளாஷ் போட்ட படங்களுக்குத் திருத்தமே பெரிதாகத் தேவைப்படவில்லை, ஆனால் ஃபிளாஷின் வெளிச்சம் ஒரு மீட்டருக்கு மேல் உருப்படியாகப் போய்ச் சேராது. ஃபிளாஷ் வெளிச்சமாக்கிய மிதக்கும் துகள்களை, ஸ்கேனரில் தூசியை நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதியும் நீக்காது. அது ஃபிலிம் மேலிருக்கும் தூசியைத்தான் பார்க்கும். துகள்கள் படத்துக்குள்ளேயே இருக்கின்றன.

இத்தனை மென்பொருளை விடவும் எனக்குப் பலன் தந்தது, ஃபிலிமின் வேகத்தைக் கேமராவுக்குச் சொல்லும் ஐஎஸ்ஓ வளையம். 400 வேகமுள்ள போர்ட்ரா 400 நெகட்டிவ் ஃபிலிமை 200 என்று வைத்து எடுக்கிறேன். கூடுதலாக ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கிடைப்பதால் சிவப்பு அடுக்கில் ஏதோ கொஞ்சமாவது பதிகிறது, இழுக்கும்போது கிரெய்னும் குறைகிறது. ஸ்லைடில் இதைச் செய்தால் வெளிர்ந்துவிடும், அதனால் ஆழத்துக்கு ஸ்லைடு கொண்டுபோவதை விட்டுவிட்டேன்.

அந்த முதல் ரோலில் ஒரு படம் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. கூட வந்தவரின் சிவப்புத் துடுப்புக் காலணி, இருபது மீட்டரில். ஸ்கேனில் அது கறுப்புதான். எதைச் செய்தாலும் சேறு மாதிரி ஒரு பழுப்புதான் வருகிறது. போன மாதம் சிவப்பு, நீலம் இரண்டு சேனலையும் தூக்கி எறிந்துவிட்டு, பச்சையை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கினேன். சுவரில் மாட்டியிருப்பது அதுதான்.