பெயர் ஆலோசனைச் சேவை: ‘எழினி’ என்ற பெயரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கொடைக்கானலில் வசிக்கும் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. நட்சத்திரம் கார்த்திகை, நான்காம் பாதம். ஆகவே ‘எ’ எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்றார் சோதிடர். முருகனுக்கு உரிய நட்சத்திரம் என்பதால், பழனியாண்டவரைக் குலதெய்வமாகக் கும்பிடும் வீட்டில் அந்த எழுத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கைப்பேசி வழியாக நடக்கும் ஒரு பெயர் ஆலோசனைச் சேவையை நாடினோம். 500 ரூபாய் கட்டணத்துக்குப் பத்துப் பெயர்களும், அவற்றின் பொருளும், ஆங்கில எழுத்துக்கூட்டலும், உச்சரிப்புக் குரல் பதிவும் வந்தன. அவற்றுள் ‘எழினி’ அனைவருக்கும் பிடித்துப்போயிற்று.

கொடுத்த பணத்துக்கு முழு மதிப்புடையது குரல் பதிவுதான். பதிவில் பேசும் அம்மையார் பெயரை முதலில் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். பிறகு பேச்சின் வேகத்தில் சொல்கிறார். மூன்றாவதாக, முற்றத்தில் விளையாடும் பிள்ளையை அழைப்பது போல ‘எழினீ’ என்று இறுதியை நீட்டுகிறார். பெயர் என்பது கூப்பிடுவதற்கே என்பதை உணர்ந்து செய்த வேலை இது. திண்டுக்கல், மதுரைப் பக்கத்துப் பேச்சில் பழம் ‘பளம்’ ஆவதும் கோழி ‘கோளி’ ஆவதும் இயல்பு என்பதால், எங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயில் இந்தப் பெயர் ‘எளினி’ என்றே முதலில் வந்தது. நாவின் நுனி மேலண்ணத்தில் ஒட்டாமல் வளைந்து வருடினால் ழகரம் பிறக்கும் என்பதை அந்த அம்மையார் விளக்கிய பிறகு, அம்மா அடுப்படியில் நின்றபடி பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சொல்லிப் பார்த்துச் சரியான ஒலிக்கு வந்துவிட்டார்.

பொருள் தந்த விதம் எனக்கு ஏமாற்றமளித்தது. ‘அழகு மிக்கவள்’ என்று எழுதியிருந்தார்கள். எழில் என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று ஆடரங்கின் மூவகைத் திரைகளைச் சொல்கிறது. அதற்கும் முன்பே இது தகடூர் அதியமான் மரபினரின் பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியிருக்கிறார். வள்ளல்கள் எழுவரை வரிசைப்படுத்தும் புறநானூற்று 158ஆம் பாடலில் எழினியும் இருக்கிறான், மயிலுக்குப் போர்வை தந்த எங்கள் பழனிமலைப் பேகனும் இருக்கிறான். ஆண்மகனுக்கு வழங்கிய பெயர், யாழினி, மகிழினி போல ‘இனி’ என்று முடிவதால் இன்று பெண் குழந்தைக்குப் பொருத்தமாக ஒலிக்கிறது. இந்த வரலாற்றைச் சொல்லியிருந்தால் பெற்றோர் இன்னும் பெருமையோடு அதைத் தேர்ந்திருப்பார்கள்.

‘இதுவரை யாரும் வைக்காத பெயர்’ என்ற விளம்பரத்தையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் பெயர்களின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. இவர்களோ எந்த ஆதாரத்தையும் காட்டவில்லை. அரிய பெயர் என்பது மட்டும் உண்மைதான். தடுப்பூசி போடும் இடத்தில் யாழினி என்று கூப்பிட்டால் இரண்டு தாய்மார்கள் எழுந்திருக்கிறார்கள், எழினி என்றால் என் தங்கை மட்டுமே எழுகிறாள்.

மிகப் பெரிய குறை எண்கணிதம். கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் முதல் எழுத்தான ‘ஈ’யை இரட்டிக்கச் சொன்னார்கள். அப்படி எழுதினால் குறில் நெடிலாகிவிடும். ழகரத்துக்காக இசட், எச் என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவதையே வெளிமாநிலத்தவர் ‘ச’ போலப் படித்துவிடுகிறார்கள். பல மாநிலப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளிகள் நிறைந்த இந்த ஊரில் அவள் ‘ஈசினி’ என்று அழைக்கப்படும் நிலையை நாமே தேடிக்கொள்ள வேண்டியதில்லை. மாறாக, ழகரம் தாய்மொழியிலேயே உள்ள மலையாளிகள் தடுமாறாமல் சொல்கிறார்கள்.

பத்து நாளில் முடிவு செய்யுமாறு அவசரப்படுத்தியதும் தேவையற்றது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டுமே தவிர, பெயரை 12 மாதங்கள் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகும் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை வாய்ப்பு உண்டு. இந்தச் சேவையை நாடுவோர் குரல் பதிவைக் கேட்டு வாங்குங்கள். பொருளை ஒரு நல்ல தமிழ் அகராதியில் சரிபாருங்கள். எண்கணித எழுத்துக்கூட்டலை ஒதுக்குங்கள். நாங்கள் ஒற்றை ‘ஈ’யுடனேயே விண்ணப்பித்திருக்கிறோம்.