தண்ணீர் பெயிண்டை ‘பிளாஸ்டிசால் கலர்’ என்று விற்கிறார்கள், கவனம்

களியக்காவிளை, மார்த்தாண்டம், கொல்லங்கோடு பக்கம் வீட்டில் பிளாஸ்டிசாலைக் காய்ச்சி அச்சில் ஊற்றி, தூண்டிலில் மாட்டும் ரப்பர் மீன் (லூர்) செய்கிறவர்களுக்காக இது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து கூரியரில் வந்த ‘லூர் கலர் செட்’: ஆறு குப்பி நிறம், இரண்டு பொட்டலம் கிளிட்டர், 1,150 ரூபாய். குப்பியில் நிறத்தின் பெயர் தவிர ஓர் எழுத்து இல்லை. விற்பவர் கேட்டதெல்லாம் முழுப்பணம் முன்கூட்டியே.

பிளாஸ்டிசால் என்பது பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும்) எண்ணெயில் கலந்த பி.வி.சி. தூள். பால்போல இருப்பது சூடேறும்போது கெட்டியாகி, 175 டிகிரி செல்சியஸ் பக்கம் மறுபடி இளகித் தெளியும். அந்தச் சூட்டில் இந்தச் சிவப்பை மூன்று சொட்டு விட்டதுமே சடசடவென்று தெறித்தது. நிறத்தில் தண்ணீர் இருந்திருக்கிறது. அந்தச் சூட்டில் அது நொடியில் ஆவியாகிக் குழம்பைத் தூக்கி எறிகிறது. கையில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொண்டு வேகும், உதறினாலும் போகாது. அச்சிலிருந்து எடுத்த மீனிலோ வால் வரை ஊசிமுனைக் குமிழி. நிறமும் கரையாமல், மிளகாய்த்தூள் தூவினதுபோலத் திட்டுத்திட்டாக நின்றது.

“நீங்க சூடு கூட்டியிருப்பீங்க” என்றார் விற்பவர். சூடு கூடினால் பிளாஸ்டிசால் மஞ்சளித்துப் பழுப்பாகும், மூக்கைக் குத்தும் அமிலப் புகை வரும். அதே கேனிலிருந்து, அதே சூட்டில், நிறம் சேர்க்காமல் ஊற்றிய மீன் தெளிவாகவே வந்தது.

கிளிட்டரும் கைவினைக் கடைச் சரக்குதான். நீலத் துகள் ஐந்து நிமிடத்தில் ஓரம் சுருண்டு, சாயம் கழன்று வெள்ளியாகிவிட்டது. சாயமெல்லாம் குழம்பில்.

நிறம் எங்கே வாங்கினாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். பிளாஸ்டிசைசரில் அரைத்த நிறம் எண்ணெய்போலத் தனியே நிற்கும். தண்ணீர் பெயிண்ட் புகைபோலப் பரவிக் கலந்துவிடும். பரவினால் அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கிளிட்டரை 10 மில்லி சூடான பிளாஸ்டிசாலில் ஒரு சிட்டிகை போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். சிவப்பும் ஃப்ளோரசன்ட் நிறங்களும் பக்கத்து மீனில் சாயம் இறக்கும் என்பதால், ஒரு வெள்ளை மீனோடு ஒரே கவரில் ஒரு வாரம் போட்டுவைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நல்ல நிறம் கிடைத்தால் வேலை சுலபம். மழைக்காலத்தில் ஆறு கடலில் சேரும் தெங்காப்பட்டணம் பொழிமுகத்துக் கலங்கலில் கொடுவா மீனுக்கு, 100 மில்லிக்குப் பச்சை 3 சொட்டு, மஞ்சள் 2, பழுப்பு 1, கறுப்புக் கிளிட்டர் கால் டீஸ்பூன் என்று தொடங்கலாம். குப்பியை நன்றாகக் குலுக்குங்கள், அடியில் நிறமி படிந்திருக்கும். பாத்திரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். குழம்பு ஆழமாக இருப்பதால் அடர்த்தியாகத் தெரியும். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியபின் பார்த்து அடுத்த சொட்டைச் சேருங்கள். கறுப்பைக் குச்சி நுனியால்தான் தொட வேண்டும், கூடிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. முதுகும் வயிறும் இரு நிறமென்றால் இரண்டு குழம்பும் ஒரே சூட்டில் இருக்கட்டும், ஒன்று ஆறியிருந்தால் நடுவில் பிளந்துவிடும்.

ஏற்கெனவே அந்த செட்டை வாங்கியவர்கள் குப்பிகளைக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர்ச் சோதனையை வீடியோ எடுத்து, பணம் அனுப்பிய ரசீதையும் சேர்த்துவைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.