ஊர் திரும்பி இலங்கை மலையகத்தில் காணி வாங்கப் போகிறவர்களுக்கு: என் 27 லட்சம் போன விதம்

கட்டாரில் 16 வருடம் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு 2022 கடைசியில் ஹட்டனுக்கே திரும்பி வந்தேன். ஒரு ரியால் 100 ரூபாயைத் தொட்ட வருடம் அது. சேர்த்த காசு ரூபாயில் பெரிதாகத் தெரிந்தது. அந்த ரூபாய் இன்னும் தேயும் என்ற பயமும் கூடவே இருந்தது. "பேங்க்ல வைக்காத, காணியில போடு" என்று சொல்லாத ஆள் இல்லை.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவனுக்குச் சொந்தக் காணி என்றால் என்னவென்று வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். மூன்று தலைமுறையாக ஒரே காம்பராவில் இருக்கிறோம், அதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. 2015க்குப் பிறகு தோட்டத்து ஆட்களுக்கு 7 பேர்ச் (பேர்ச் என்பது இங்கே காணி அளக்கும் அலகு) காணியும் தனி வீடும் என்று அரசாங்கத்தில் சொன்னார்கள்; எங்கள் டிவிஷனுக்கு அது வரவே இல்லை. அதனால் 'உறுதி', அதாவது காணிப் பத்திரம், என்ற சொல் காதில் விழுந்ததுமே என் புத்தி கொஞ்சம் மங்கிவிட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

புரோக்கர் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம். டவுனிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம், ரோட்டுக்கு மேலே மேடு, 15 பேர்ச், பேர்ச் 1,80,000. "அண்ணே, ஒங்களுக்காகத்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன். கொழும்புல இருந்து ஒருத்தரு அட்வான்ஸோட நிக்கிறாரு" என்றார். மானாப்புல் ஆளுயரத்துக்கு நின்றது. உள்ளே இறங்கி எல்லையைப் பார்க்கவில்லை. ரோட்டிலேயே நின்றுகொண்டு ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசும் அவர் கூட்டிப்போன ஆள்தான். உறுதி சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. இரண்டு நிமிடத்தில் படித்துக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தார். சாட்சிகள் புரோக்கரும் அவருடைய ட்ரைவரும்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 27 லட்சத்துக்கு 1,07,000 வரும். "உறுதியில எட்டு லட்சம்னு போட்டுக்குவோம், 31,000தான் வரும்" என்றார்கள். 76,000 மிச்சம் என்று எனக்கும் சந்தோஷம். 8 லட்சம் காசோலையாகவும் 19 லட்சம் கையிலும் கொடுத்தேன். இப்போது அந்த 19 லட்சத்துக்கு என்னிடம் இருப்பது கொப்பித் தாளில் புரோக்கர் எழுதிய "பணம் பெற்றுக்கொண்டேன்" மட்டும். எதற்கான பணம் என்று அதில் இல்லை.

சில வாரத்தில் காணிப் பதிவகத்தின் சீலோடு உறுதி வந்தது. சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினோம்.

அத்திவாரம் வெட்ட மெஷினைக் கொண்டுபோன மூன்றாம் நாள், பக்கத்துத் தோட்டத்தின் பீல்ட் ஒபிசர் இரண்டு வோச்சர்களோடு வந்தார். கத்தவில்லை, பாவம். தோட்டத்து வரைபடத்தைப் பொனட்டின் மேல் விரித்தார். பிறகு மானாவை விலக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனார், நானும் போனேன். பாசி பிடித்த எல்லைக் கல் ஒன்று, தலையில் கொத்திய இலக்கத்தோடு, என் 'காணி'க்கும் முப்பது அடி மேலே நின்றது. கல்லுக்குக் கீழே முழுக்கத் தோட்டம். 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுக்குப் போய், 1992க்குப் பிறகு கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கும் நிலம்.

அப்புறம்தான் நுவரெலியாவில் வேறொரு சட்டத்தரணியைப் பிடித்தேன். பதிவேட்டுப் பிரதியை எடுத்துப் பார்த்தார். பக்கமே 2021இல்தான் தொடங்குகிறது, அதுவும் ஒரு டிக்ளரேஷன் உறுதியில். அதாவது ஒருவர் நொத்தாரிசு முன் போய் "இந்தக் காணியை நான்தான் நெடுங்காலம் ஆண்டு வருகிறேன்" என்று தானே சொல்லிப் பதிந்துகொண்டது. அதற்கு முன்னுறுதி எதுவும் இல்லை. "சீல் இருக்கே சேர்?" என்று கேட்டேன். பதிவகம் கடதாசியைப் பதியும், காணி யாருக்குச் சொந்தம் என்று அது உத்தரவாதம் தராது என்றார். 16 வருடம் வெளியில் கிடந்தவனுக்கு இது தெரியாது. இங்கேயே இருக்கிற நிறையப் பேருக்கும் தெரியாதாம்.

ஆகவே வருகிறவர்கள், புரோக்கர் காட்டும் சட்டத்தரணியை விட்டுவிட்டு உங்கள் செலவில் ஒருவரைப் பிடியுங்கள். 30 வருடத்துக்குப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். நில அளவையாளரைக் கூட்டிப்போய் நாலு மூலையையும் மிதியுங்கள். பக்கத்துத் தோட்ட ஒபிசிலும் பிரதேச செயலகத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். அரசு கொடுத்த பர்மிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை "அதெல்லாம் வீடு கட்டும்போது பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். காணி வாங்க முன்னமே அந்த அறிக்கைக்கு விண்ணப்பித்திருந்தால் வரைபடம் கேட்டிருப்பார்கள், குட்டு அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். விற்றவர் காணப்படவில்லை. புரோக்கர் "நானும் ஏமாந்துட்டேன் அண்ணே" என்கிறார். போன வாரம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். அதே மேட்டில் அடுத்த துண்டுக்கு முளை அடித்திருக்கிறார்கள். மானாவை வெட்டிவிட்டு, புது நீலக் கயிறு கட்டி.